மதுரையிலிருந்து சென்னைக்கு: விமானமா, வந்தே பாரத்தா, இரவு ரயிலா?

"ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தானே, பேசாமல் ஃப்ளைட்டிலேயே போய்விடலாமா?" என்று மதுரைப் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒருமுறை போகவேண்டும். அப்பாவை அங்கே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. அங்கிருந்து துபாய்க்கு விமானம் ஏறவேண்டும். கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் ஆளுக்கு ஆள் பதில் மாறும். யாருக்கு எது சரிவரும் என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பயண நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து போய்ச் சேரவேண்டிய இடத்தில் கழற்றும்வரை எவ்வளவு நேரம், அதில் எவ்வளவு நேரம் உங்களுக்கு உருப்படியாக மிஞ்சியது என்று கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டால் விமானத்துக்கும் வந்தே பாரத்துக்கும் இடையில் தெரிகிற நாலரை மணி நேர வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

## முதலில் தூரம், நேரம்

மதுரை விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். தண்டவாளம் திண்டுக்கல், திருச்சி, விருத்தாசலம், விழுப்புரம் என்று சுற்றி வருவதால் எழும்பூர்வரை 490 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மேலூர், திருச்சி, விழுப்புரம் வழியாக நால்வழிச்சாலையில் போனால் சுமார் 460.

415 கிலோமீட்டரை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம்தானே வருகிறது, பிறகு ஏன் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து சென்னையில் போய் நின்று ஓயும்வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தில் போகிற நேரமே கொஞ்சம்தான், ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

இந்த வழியில் 78 பேர் உட்காரும் ஏடிஆர் என்கிற இறக்கைவிசிறி விமானமும் பறந்திருக்கிறது, 180 பேருக்கு மேல் ஏறும் ஏர்பஸ்ஸும் பறந்திருக்கிறது. ஏடிஆரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில், ஏர்பஸ் 800-ஐத் தாண்டும். ஆனாலும் மதுரை–சென்னைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். எனவே விமானத்தின் வகையைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடவேண்டாம், பையைக் கணக்குப் போடுங்கள். ஏடிஆரில் தலைக்கு மேலே உள்ள தட்டு சின்னது, கொஞ்சம் பருத்த டிராலி பை உள்ளே போகாது. டிக்கெட் எடுக்கும்போதே எந்த விமானம் என்று பெரும்பாலும் காட்டும்.

## எதை வைத்து ஒப்பிடப்போகிறோம்

ஐந்து விஷயங்கள். வாசலிலிருந்து வாசல்வரை மொத்த நேரம். டிக்கெட் விலைக்கு வெளியே போகிற மறைமுகச் செலவு. எந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிறோம் என்பது. கூட வருபவர்கள் யார், சாமான் எவ்வளவு. ஏதாவது தவறிப்போனால் மாற்று வழி உண்டா என்பது. இதில் மூன்றாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

| வழி | ஓடும் நேரம் | வாசலிலிருந்து வாசல்வரை | ஒருவருக்கு டிக்கெட் |
|---|---|---|---|
| விமானம் | 1 மணி 10 நிமிடம் முதல் ஒன்றரை மணி | நாலரை முதல் ஐந்தரை மணி | மூவாயிரத்துச் சொச்சம் முதல், பண்டிகையில் பத்தாயிரத்துக்கு மேலும் |
| வந்தே பாரத், தேஜஸ் | சுமார் 6 மணி | ஆறே முக்கால் முதல் ஏழரை மணி | ஏசி சேர் கார் ஆயிரத்துக்கு மேல், ஆயிரத்து ஐந்நூறுக்குள் |
| இரவு ரயில் | சுமார் 8 மணி | ஒன்பது முதல் பத்து மணி, பெரும்பகுதி தூக்கம் | ஸ்லீப்பர் முந்நூற்றுச் சொச்சம், 3 ஏசி எண்ணூற்றுச் சொச்சம் |
| இரவுப் பேருந்து | சுமார் 8 மணி | ஒன்பதரை முதல் பத்தரை மணி | நாளைப் பொறுத்து நிறைய மாறும் |

கட்டணமெல்லாம் தோராயம்தான், எடுக்கிற அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## விமானம்

மொத்த நேரம் எப்படி நாலரை, ஐந்து மணி ஆகிறது என்று பிரித்துப் பார்ப்போம். கே.கே. நகரிலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ கிளம்பி, தெப்பக்குளம், வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி என்று நெரிசலில் போக முக்கால் மணி நேரம். ஒத்தக்கடை, திருப்பாலை பக்கம் உள்ளவர்கள் ரிங் ரோட்டைப் பிடித்து மண்டேலா நகர் வழியாக வந்தால் ஊருக்குள் மாட்டாமல் வரலாம், தூரம் கூடும், தலைவலி குறையும். உள்நாட்டு விமானத்துக்குச் சாமான் போடும் கவுன்டரை பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அப்படியென்றால் ஒன்றரை மணி நேரம் முன்பாவது உள்ளே இருக்கவேண்டும். விமானத்தில் ஒன்றேகால் மணி, சென்னையில் இறங்கி வெளியே வர பெட்டி இல்லாவிட்டால் இருபது நிமிடம், பெட்டிக்குக் காத்திருந்தால் இன்னும் கூட. அங்கிருந்து வேளச்சேரி, மடிப்பாக்கம், பல்லாவரம் என்றால் அரை மணி, முக்கால் மணியில் வீடு. அம்பத்தூர், பெரம்பூர், மாதவரம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். மதுரை விமான நிலையத்துக்கு ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. டவுன் பஸ் உண்டு, ஆனால் பெட்டியோடும் பெரியவர்களோடும் அதை நம்பி யாரும் போவதில்லை, டாக்சிதான். சென்னையில் மட்டும் இந்தச் செலவைக் குறைக்கலாம். விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, சென்ட்ரல் என்று ஒரே ரயிலில் போகலாம். வடபழனி, கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் மின்சார ரயில் நிலையமும் இருக்கிறது.

அடுத்தது எடை. பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளில் உள்ளே போடும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. ஊரிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிற அம்மாவின் பையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், அரிசியும் பருப்புப் பொடியும் எண்ணெய் டின்னும் சேர்ந்தாலே தாண்டிவிடும். கூடுதல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம், அதையும் கவுன்டரில் கட்டினால் முன்கூட்டியே ஆன்லைனில் கட்டுவதைவிட அதிகம். கொப்பரைத் தேங்காய்க்கு அனுமதி இல்லை. ஊறுகாய், நெய்யைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு உண்டு, உள்ளே போடும் பெட்டியில் நன்றாகக் கட்டி வையுங்கள். ஜன்னலோரம் வேண்டும், எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரவேண்டும் என்றால் சீட்டுக்குத் தனிக் காசு. 2 வயதைத் தாண்டிய குழந்தைக்கு முழு சீட் எடுக்கவேண்டும். ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். நான்கு பேர் குடும்பமாகப் போனால் இந்தச் சில்லறைகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு டிக்கெட் அளவுக்கு வந்துவிடும்.

விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, கடைசி 24 மணி நேரத்துக்குள் ரத்து என்று சொன்னால் மாற்று விமானமோ முழுப் பணமோ தரவேண்டும், அதோடு இழப்பீடும் உண்டு. மதுரை–சென்னை போல ஒரு மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் உள்ள பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பிட ஏதாவது தரவேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது பணம் என்று நீங்கள் கேட்கலாம். புயல், மழை மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, பணம் திரும்பக் கிடைக்கும்.

விமானம் யாருக்கு: காலையில் போய் மாலையே திரும்பவேண்டியவர்களுக்கு வேறு வழியே இல்லை, இதுதான். துக்க வீடு, அவசர ஆஸ்பத்திரி, இந்த மாதிரி ஒவ்வொரு மணி நேரமும் கணக்கானபோது விலையைப் பார்க்கவேண்டாம். கைப்பையோடு தனியாகப் போகிறவர், தென் சென்னையில் வேலை உள்ளவர், ஒரு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்தவர் என்றால் விமானம் நல்ல தேர்வு. ஆறு மணி நேரம் உட்கார முடியாத இடுப்பு வலிக்காரர்களுக்கும் இது உதவும், சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பே பதிவு செய்தால் வாசலிலிருந்து விமானம்வரை ஆள் வைத்துக் கூட்டிப்போவார்கள். அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

## வந்தே பாரத், தேஜஸ், வைகை

பகலில் போகிறவர்களுக்கு மதுரையில் இப்போது கிடைக்கிற வசதி பத்து வருடத்துக்கு முன்பு இல்லை. வைகை 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. ரொம்ப காலம் பகல் ரயில் என்றால் அதுதான். 2019 மார்ச்சில் தேஜஸ் வந்தது. 2023 செப்டம்பர் 24-இல் நெல்லை–சென்னை வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் 31-இல் நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத், இரண்டும் மதுரையில் நிற்கும்.

வசதி எங்கே என்றால், ஜங்ஷன் ஊருக்கு நடுவில் இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். இருபது நிமிடம் முன்பு போனால் போதும். பெட்டியை எடைபோட யாரும் நிற்கமாட்டார்கள், இறங்கும்போது பெல்ட்டில் வருமா வராதா என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்த ஆறு மணி நேரத்தில் லேப்டாப்பை விரித்து வேலை பார்க்கலாம், போன் பேசலாம், குழந்தை நடமாடலாம். விமானப் பயணத்தின் ஐந்து மணி நேரம் டாக்சி, வரிசை, சோதனை, கேட், பஸ், மறுபடி வரிசை என்று துண்டு துண்டாகப் போவதால் அதில் ஒரு மணி நேரம்கூட முழுதாக எதையும் செய்யமுடியாது. ரயிலில் கிடைப்பது ஒட்டுமொத்தமான நேரம்.

ஆனால் சேரும் நேரத்தைப் பாருங்கள். நெல்லையிலிருந்து வருகிற வந்தே பாரத் காலை எட்டு மணிக்கு முன்பின் மதுரையை விட்டு மதியம் இரண்டு மணி வாக்கில் எழும்பூர் போகிறது. வைகை அதற்கு முன்பே கிளம்பி மதியம்தான் சேரும். தேஜஸ் மதுரையில் பிற்பகல் கிளம்பி இரவு ஒன்பதைத் தாண்டிச் சேரும். நாகர்கோவில் வந்தே பாரத் மாலை ஐந்து மணி வாக்கில் மதுரைக்கு வந்து இரவு பதினொன்றுக்கு எழும்பூர். அதாவது மதுரையிலிருந்து பகல் ரயில் எதைப் பிடித்தாலும் அன்றைக்குக் காலை வேலைக்குச் சென்னையில் இருக்க முடியாது. அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்கவேண்டும் என்றால் வந்தே பாரத்தில் போய் மூன்று மணிக்கு அங்கே நிற்பதில் அர்த்தம் இல்லை, ஒரு இரவு லாட்ஜ் வாடகை கூடுதலாக ஆகும். இதுதான் இதன் மறைமுகச் செலவு. இரவு பதினொரு மணிக்கு எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவும் மூடுகிற நேரம், டாக்சிக்கு இரவுக் கட்டணம்.

இதற்கு ஒரு வழி, வந்தே பாரத்தில் தாம்பரத்திலேயே இறங்கிவிடுவது. குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கம் போகிறவர்கள் எழும்பூர்வரை போய் மறுபடி தெற்கே திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடக்கிற காலத்தில் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் உண்டு, எனவே கடைசி நிலையம் எது என்பதை டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேக ரயில்கள் வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதையும் பாருங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. பொங்கல், தீபாவளி நாட்களுக்கு என்றால் முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே உட்காரவேண்டும், சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் அதை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

காசு முக்கியம், நேரம் இருக்கிறது என்றால் வைகையை மறக்காதீர்கள். வந்தே பாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம், ஆனால் இரண்டாம் வகுப்பு உட்காரும் டிக்கெட் ஆறில் ஒரு பங்கு விலைதான். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

யாருக்கு: குடும்பமாகப் போகிறவர்கள், சாமான் உள்ளவர்கள், போய் இரண்டு நாள் தங்குகிறவர்கள், அன்றைக்கு லேப்டாப்பில் வேலை இருக்கிறவர்கள்.

## இரவு ரயில்

மதுரைக்காரர்கள் சென்னை வேலைகளுக்கு இத்தனை வருடமாகப் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. இரவு ஒன்பதரை வாக்கில் ஜங்ஷனில் ஏறி, அதிகாலை ஐந்து, ஐந்தரைக்கு எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவும் ஓடத் தொடங்கியிருக்கும். குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சீட்டு எடுக்கலாம், பத்து மணிக்கு இன்டர்வியூவில் உட்காரலாம். அன்று இரவே பாண்டியனில் ஏறினால் மறுநாள் விடிகாலை வீடு. லாட்ஜ் செலவு இல்லை, பகல் நேரம் ஒன்றுகூட வீணாகவில்லை. கடிகாரத்தில் பார்த்தால் இது மெதுவான வழி, நாளைக் கணக்கில் பார்த்தால் இதுதான் வேகமானது.

பாண்டியனில் இடம் இல்லை என்று உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர், பொதிகை, அனந்தபுரி எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் மதுரை வழியாகத்தான் போகின்றன. சிலது நள்ளிரவை ஒட்டி வரும், பிளாட்பாரத்தில் காத்திருக்கத் தயார் என்றால் அவற்றில் தட்கல் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏசி வகுப்புக்குத் தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும்.

வயதானவர்களைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே, அதிலும் 3 ஏசியோ 2 ஏசியோ. படுத்துக்கொண்டு போகலாம், கழிப்பறை நாலடியில், கூட ஒருவர் பக்கத்திலேயே இருக்கலாம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, முன்பதிவில் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும், சும்மா வயதைப் போட்டால் மட்டும் போதாது. நான்கைந்து பேரோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் எடுத்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது, பெரியவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

யாருக்கு ஒத்துவராது என்றால், ரயிலில் தூக்கம் பிடிக்காதவர்களுக்கு. இரவு முழுக்க விழித்துவிட்டு மறுநாள் முக்கியமான வேலையில் போய் உட்காருவது நல்லதில்லை, அவர்கள் முந்தைய நாள் பகல் ரயிலில் போய்த் தங்குவதே மேல்.

## இரவுப் பேருந்து, சொந்தக் கார்

பேருந்தைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. கடைசி நேரத்தில் கிடைப்பது இதன் பலம். மாட்டுத்தாவணியில் இரவு பத்து மணிக்குப் போய் நின்றாலும் அரசு விரைவுப் பேருந்தோ ஆம்னியோ ஏதாவது ஒன்று உண்டு. பலவீனம், போய் இறங்கும் இடம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேதான் முடிகின்றன. வண்டலூர், தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு அது லாபம். வட சென்னைக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து இன்னொரு ஒன்றரை மணி நேரப் பயணம் பாக்கி இருக்கிறது, அதற்குத் தனிக் காசு. பண்டிகை முன்தினம் ஆம்னியில் கேட்கிற விலையில் சில நேரம் விமானமே போய்விடலாம், அன்றைக்கு மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரில் போவது நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு மலிவு. சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சுங்கச்சாவடி வரிசையாக வரும், டீசலோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கல்யாணச் சீர், வீடு மாற்றும் சாமான், கைக்குழந்தை இருந்தால் கார் சரி. ஒரே ஆள் இரவு முழுக்க ஓட்டுவது மட்டும் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். விடிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கண் தானாக மூடும் நேரம் அது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை.

## மழைக்காலத்தில் எதை நம்புவது

அக்டோபர் முதல் டிசம்பர்வரை சென்னைப் பயணத்துக்கு ஒரே வழியை நம்பாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடியிருந்தது, 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள். 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது கதை வேறு. நவம்பர் 30 அன்று விமான நிலையம் மூடி மறுநாளே திறந்துவிட்டது, ஆனால் டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறி, தென்மாவட்ட ரயில்கள் ரத்தாயின, விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையிலும் வெள்ளம். அன்றைக்கு விமானம்தான் வழி. சென்னை நகரத்தில் மழை என்றால் விமானம் முதலில் பாதிக்கப்படும், விழுப்புரம் பக்கம் மழை என்றால் ரயிலும் சாலையும் பாதிக்கப்படும். இரண்டில் எந்தப் பக்கம் மழை என்று பார்த்து முடிவெடுங்கள். போகி அன்று அதிகாலைப் புகைமூட்டத்திலும் சென்னையில் விமானங்கள் இறங்கமுடியாமல் திருப்பிவிடப்பட்டதுண்டு, அன்றைக்குக் காலை முதல் விமானத்தைத் தவிர்க்கலாம்.

## சென்னையிலிருந்து வெளிநாடு போகிறவர்கள்

மதுரை–சென்னை, சென்னை–வெளிநாடு இரண்டும் ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) இருந்தால் விமானமே நல்லது. பெட்டியை மதுரையிலேயே போட்டுவிடலாம், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் கதை தலைகீழ். மதுரை விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி வெளிநாட்டு விமானம் போய்விட்டால் அந்தப் பணம் உங்களுடையதுதான், யாரும் தரமாட்டார்கள். எடை அளவும் இரண்டு டிக்கெட்டில் வேறு வேறு. வெளிநாட்டு டிக்கெட்டில் 30 கிலோ இருந்தாலும் மதுரை விமானத்தில் 15 தான். இவர்களுக்கு முந்தைய இரவு பாண்டியன்தான் பத்திரம். எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம்.

சிங்கப்பூர், மலேசியா என்றால் சென்னையை நினைப்பதற்கு முன் திருச்சியைப் பாருங்கள். மதுரையிலிருந்து சாலையில் சுமார் 135 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மதுரையிலிருந்து நேராகப் பறந்தாலும் திருச்சியிலிருந்து பறந்தாலும் சென்னையிலிருந்து பறந்தாலும் சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் 3,000 கிலோமீட்டரை ஒட்டித்தான், நூறு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. எனவே தரையில் எது பக்கம் என்பதே கேள்வி. 2024 ஜூனிலிருந்து திருச்சியில் புதிய முனையமும் இயங்குகிறது.

## மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு

திண்டுக்கல்காரர்கள் 65 கிலோமீட்டர் தெற்கே வந்து மதுரையில் விமானம் ஏறி வடக்கே பறப்பது வீண் வேலை, வந்தே பாரத் அவர்கள் ஊரிலேயே நிற்கிறது. விருதுநகரிலும் நெல்லை வந்தே பாரத் நிற்கும். ஆனால் அவர்களுக்கு விமான நிலையமும் பக்கம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், மதுரை ஊருக்குள்ளேயே நுழையவேண்டியதில்லை. காரைக்குடி, சிவகங்கை, மானாமதுரை பக்கம் உள்ளவர்களுக்கு மதுரை எந்தக் கணக்கிலும் வராது, காரைக்குடியிலிருந்து விடிகாலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து வருகிற சேது எக்ஸ்பிரஸும் அந்த வழிதான். மேலூர்க்காரர்கள் ஜங்ஷனுக்குப் பின்னோக்கி வருவதைவிட நால்வழிச்சாலையில் நின்று திருச்சி பஸ் பிடித்து அங்கே ரயில் ஏறுவது சுலபம். தேனி, போடி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி மக்களுக்கு 2023 ஜூனிலிருந்து போடிநாயக்கனூர்–சென்னை சென்ட்ரல் ரயில் வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது, சேலம், காட்பாடி வழியாகச் சுற்றிப் போனாலும் ஏறிப் படுத்தால் காலையில் சென்ட்ரல். அந்த மூன்று நாளில் உங்கள் வேலை வருமா என்று பார்த்துவிட்டு, வராவிட்டால் மதுரை வந்து பாண்டியனைப் பிடியுங்கள்.